வாழைக்காய் மண்டியில் இன்னொரு ஆட்டக்காரன்

கம்பம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்புத் தம்பி ரஃபிக்கு அண்ணன் அப்துல் சமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் மதினி மெஹராஜ், மகள் அப்ரின் மூவரும் சுகம். வாழைக்காய் விலை மட்டும் சுகமில்லை. நீயும் துபாயில் சுகமாகத்தான் இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதுவது முறை. எழுதப் போனால் கை வரமாட்டேன் என்கிறது. காரணம் கீழே வருகிறது. பதறாமல் படி. பதறுகிற வேலையை நாங்கள் இங்கே உனக்கும் சேர்த்துச் செய்து முடித்துவிட்டோம்.

இந்தக் காலத்தில் எவனாவது கடுதாசி எழுதுவானா என்று சிரிப்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் எழுதுகிறேன்? மணி அடிக்கிறது, அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். காய்ச்சல் விட்டதா என்றால் கட்டைவிரல். பெருநாளைக்கு வருவாயா என்றால் கட்டைவிரல். உத்தமபாளையத்து மாமி மௌத்தாகிவிட்டார்கள் என்று அழுதுகொண்டே அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல்! ஏன்டா, மௌத்துச் செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்குகிறவன் மனுசனா? அன்றைக்கே உன் மதினி சொன்னாள்: "இங்கன பாருங்க, இது கொழுந்தன் வெரலே இல்ல. வேற யாரோ அமுக்குறாக." வாயை மூடு என்று அதட்டினேன். இப்போது எனக்கே வாய் மூடவில்லை. அதனால்தான் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பும் அஷ்ரப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன்னை நேரில் பார்த்து, தோளைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் கவரைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தோள் தட்டுப்படாவிட்டால் என்ன செய்வது என்று அஷ்ரப் கேட்டான். கவரைத் திருப்பிக் கொண்டுவா என்றேன்.

விஷயம் அப்ரின் வேலையில் ஆரம்பித்தது. அவளுக்கு ஒரு கம்பெனி வேலை, வீட்டிலிருந்தபடியே. என்ன வேலை என்று நாலு பேர் கேட்டால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். கோல்ஃப் ஆடுகிற யாரோ ஒரு பெரிய தொழில்முறை ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றுவதைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். இவள் லேப்டாப்பில் போட்டால், ஒரு சாஃப்ட்வேர் அந்த மனுசருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாவற்றிலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கிறது. புள்ளி தவறின இடத்தில் இவள் திருத்த வேண்டும். அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், முகத்தையும் மறைத்துவிடுகிறார்கள். கடைசியில் மனுசரும் மறைந்து, கறுப்புத் திரையில் வெறும் புள்ளியும் கோடும் நின்று மட்டையைச் சுற்றுகிறது. சதையும் இல்லை, சட்டையும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கோ அதுதான் அழகு. "அத்தா, கவனிங்க. மட்டையைத் தூக்கும்போது தோள் முழுசாத் திரும்புது, இடுப்பு பாதிதான் திரும்புது. இறக்கும்போது கை முந்தக் கூடாது. முதல்ல இடது இடுப்பு, அப்புறம் நெஞ்சு, அப்புறம் கை, கடைசியாத்தான் மட்டை. ஒண்ணு இன்னொண்ணைச் சுண்டிவிடுது. மணிக்கட்டு கடைசி வரைக்கும் மடிஞ்சே வந்து, பந்துகிட்டத்தான் அவுருது. தலை மட்டும் அசையாது." தலை அசையாமல் இவ்வளவு வேலை செய்கிற ஆளை நான் நம் மண்டியில் பார்த்ததில்லை. இங்கே தலையைத் தவிர எதுவும் அசையாது.

நீ அங்கே வேலை பார்ப்பதும் கோல்ஃப் மைதானத்தில்தான் என்பதால், சித்தப்பன் பந்து பொறுக்குகிறான், மகள் புள்ளி பொறுக்குகிறாள் என்று நானே பெருமையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் மண் விழுந்தது எப்படியென்றால், பெரிய ஆட்டக்காரரோடு ஒப்பிட, ஆடவே தெரியாத சாதாரண ஆள் ஒருவர் மட்டை வீசுகிற படமும் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். சாதாரண ஆள் என்றதும் தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். வீட்டோடு ஒட்டின மண்டி முற்றத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்பில் துண்டு ஒன்றை எடுத்து, எலுமிச்சங்காயைப் பந்தாக வைத்து வீசினேன். காய் அங்கேயே இருந்தது. கம்பு மட்டும் போய்விட்டது. பக்கத்து மண்டி சங்கரலிங்கம் எட்டிப் பார்த்து, "என்ன பாய், பாம்பா?" என்றார். அப்ரின் லேப்டாப்பைப் பார்த்து, "அத்தா, உங்களுக்கு இடுப்பே திரும்பலை. வாழைத்தார் தூக்குற மாதிரி வயித்துலருந்து தூக்குறீங்க" என்றாள். "அவுக இடுப்பு நிக்காஹ் ஆன வருசத்துலருந்தே திரும்பலடி" என்று உன் மதினி சிரித்தாள். இந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுதான் தம்பி.

ஏனென்றால், படத்தில் இருந்தவன் நான் ஒருவன். சாஃப்ட்வேர் புள்ளி வைத்தது இரண்டு பேருக்கு. முற்றத்து வாசலில், தராசுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் இன்னொரு புள்ளி ஆள் நின்றுகொண்டு, அவனும் மட்டை வீசுகிறான். தொங்குகிற தாரை மனுசன் என்று நினைத்துவிட்டது, சில நேரம் அப்படி ஆகும் என்றாள் அப்ரின். சரி என்று தாரையெல்லாம் இறக்கி உள்ளே அடுக்கிவிட்டு மறுபடி வீசினேன். வாசலில் நின்றவன் இப்போது கொட்டகைக்குக் கீழே வந்து நின்றான். தராசு என்றால் தராசை நகர்த்தினோம், நிழல் என்றால் தார்ப்பாயை அவிழ்த்தோம். நாங்கள் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அவன் ஒவ்வொரு எட்டாகக் கிட்டே வந்தான். கடைசியில் முற்றத்தில் மறைப்பு என்று ஒன்றுமே இல்லை. சங்கரலிங்கம் வந்து, "பாய், மண்டியைக் காலி பண்றீகளா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று வருத்தப்பட்டார்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? அவன் நன்றாக ஆடினான். என்னைப் போல அல்ல. அப்ரின் அவனைத் தனியாக எடுத்து, பெரிய ஆட்டக்காரர் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். இடுப்பு முந்துகிறது, நெஞ்சு பின்தொடர்கிறது, தலை நிற்கிறது. எல்லாம் சரியாகக் கற்றுக்கொண்ட ஆள். ஒரே ஒரு தப்பு. பந்தை அடித்தவுடன் வலது முழங்கை நேராக நீள வேண்டுமாம். பெரிய ஆட்டக்காரருக்கு நீளுகிறது. இவனுக்கு நீளவில்லை. எத்தனை முறை வீசினாலும் அந்தக் கை பாதியிலேயே மடங்கி நிற்கிறது. காபி கொடுக்க வந்த மெஹராஜ் திரையைப் பார்த்தாள். டம்ளரை வைக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். "ஏங்க, இது நம்ம கொழுந்தன்ல?" என்றாள். குமுளி மலைப்பாதையில் ஜீப்பிலிருந்து விழுந்து முறிந்த கை, அதற்குப் பிறகு நிமிராத கை, உன் கைதானே ரஃபி? எனக்குத் தெரியாதா? அது ஆறும்வரை உனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவன் நான்தானே?

அழுதேன். வெட்கம் என்ன, அழுதேன். உயிரோடு இருக்கிறவன் துபாயில் இருப்பான், கம்பத்தில் எங்கள் முற்றத்தில் புள்ளியாக வந்து நிற்பானா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். வந்து ஓதி, லேப்டாப்பில் ஊதினார்கள். அப்ரின் அதையும் படம் எடுத்துவிட்டாள். ஹஜ்ரத் மேலேயும் புள்ளி விழுந்தது. தன் முட்டியில் புள்ளி ஆடுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நமக்கு இந்த வலது முட்டி ரொம்ப நாளா வலிக்குது, இதுல ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டார்கள். அவள் நிஜமாகவே பார்த்து, பாரத்தை எல்லாம் ஒரே காலில் போடுகிறீர்கள் என்று சொல்ல, இப்போது ஊரில் மூட்டுவலிக்காரர்கள் பாதிப்பேர் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். உன்னைப் பற்றி ஹஜ்ரத் சொன்னது இவ்வளவுதான்: "பயப்படாதீக. யாரா இருந்தாலும் ஸலாம் சொல்லுங்க."

சொன்னேன். காலியாகக் கிடந்த முற்றத்தில் மறுபடி கம்பும் எலுமிச்சங்காயுமாக நின்று ஸலாம் சொன்னேன். திரையில் அவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். பதில் ஸலாமா, அந்தப் பாழாய்ப்போன கட்டைவிரலா தெரியவில்லை. கம்பெனி மணிக்கட்டோடு புள்ளியை நிறுத்திவிட்டது. விரலுக்குப் புள்ளி கிடையாது. பிறகு நேராக என்னிடம் வந்தான். கம்பைப் பிடித்திருந்த என் கை மேல் அவன் கைப் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. எனக்குக் குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. என் இடுப்பு மட்டும் தானாகத் திரும்பியது. காய் கொட்டகையைத் தாண்டிப் பறந்து சங்கரலிங்கத்தின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. "அத்தா, அப்படியே அச்சு அசலா அந்தப் பெரிய ஆட்டக்காரர் ஸ்விங்!" என்று கத்திவிட்டு, அப்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆகவே தம்பி, நேராகவே கேட்கிறேன். நீ இருக்கிறாயா? கட்டைவிரல் வேண்டாம். உன் குரல் வேண்டும். மற்றபடி விசேஷம் இல்லை. மதினி துஆ செய்கிறாள், அப்ரின் ஸலாம் சொல்லச் சொன்னாள், சங்கரலிங்கமும் விசாரித்தார், தொட்டியையும் விசாரித்தார். அல்லாஹ் உன்னை எங்கே வைத்திருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
அப்துல் சமது.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கவரை ஒட்டப் போகும்போது நீயே வீடியோவில் கூப்பிட்டுவிட்டாய். அல்ஹம்துலில்லாஹ். அதே மூஞ்சி, அதே திருட்டு முழி. நீ என்னைப் பார்த்ததும் ஹோ என்று அழுததும், நானும் அழுததும் உனக்குத் தெரியும். ஆனாலும் நீ சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்கே பிடிபடும். உங்கள் மைதானத்துப் பயிற்சி அறையிலும் இதே மாதிரிப் புள்ளி வைக்கிற திரை உண்டு. யாரும் இல்லாத நேரம் நீ மட்டையை எடுத்து வீசிப் பார்ப்பாய். அப்படி ஒருநாள் வீசும்போது உன் பக்கத்தில் இன்னொரு புள்ளி ஆள் வந்து நின்றான். கூன் முதுகு, தார் தூக்குகிற மாதிரி அகட்டின கால், திரும்பாத இடுப்பு. "பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சுண்ணே, அது நீங்கதான்னு. நீங்க மௌத்தாயிட்டீக, வீட்டுல எங்கிட்ட மறைக்கிறாகன்னு நெனச்சேன். ஒங்க நம்பர்ல இருந்து அப்ரின்தான் எழுதுறான்னு நெனச்சேன். எடுத்தா அதைச் சொல்லிப்புடுவாகன்னு பயந்துதான் எதையும் படிக்காம வெரலை அமுக்கி அமுக்கிவிட்டேன். இன்னைக்குத் தாங்க மாட்டாமத்தான் கூப்பிட்டேன்" என்றாய். நான் இங்கன கல்லு மாதிரி இருக்கேன்டா என்று நான் சொல்ல, நானும் அங்கன கல்லு மாதிரி இருக்கேன்ணே என்று நீ சொல்ல, ரெண்டு பேரும் சிரித்தோம், அப்ரினும் சிரித்தாள்.

மெஹராஜ் மட்டும் சிரிக்கவில்லை. நீ போனை வைத்த பிறகு சொன்னாள்: "உசுரோட இருக்கேன்னு ரெண்டு பேருமே சொல்றீக. யாரு சொல்றத நம்புறது?" போடி இவளே என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். இதோடு அவள் இன்று போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் அஷ்ரப் கொண்டு வருவான். அப்ரின் ஒரு துண்டு தின்றுவிட்டு, காரம் தாங்காமல் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினாள். நீ தின்று பார்த்து, காரம் எப்படி என்று உடனே கூப்பிட்டுச் சொல்லு.

நான் நாலு துண்டு தின்றுவிட்டேன் ரஃபி. எனக்குக் காரம் ஒன்றுமே தெரியவில்லை.