கால் வைத்தால் திறக்கும் கதவு

ஒரு காட்டில் எல்லோருக்கும் தாகம் இருந்தது. எல்லோருக்கும் கால் இல்லை. இந்த இரண்டாவது விஷயம் திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

கோடையில் குளத்தங்கரையில் நெரிசல் தாங்கவில்லை என்று சிங்கராஜா குளத்தைச் சுற்றி வழவழப்பான மதில் எழுப்பி ஒரு கதவு வைக்கச் சொன்னார். கதவுக்கு முன்னால் ஒரு பலகை. அதில் காலை வைத்தால், தடத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துக் கதவு திறக்கும். பொறுப்பு திட்ட அதிகாரி தவளையிடம். இருநூறு முறை சோதித்ததாகவும் இருநூறு முறையும் கதவு திறந்ததாகவும் தவளை அறிக்கை எழுதியது. இருநூறு முறையும் சோதனைக்கு வந்தது ஒரே மான். சொன்ன பேச்சு கேட்கும் மான், கூப்பிட்டபோதெல்லாம் வந்து கால் வைத்துவிட்டுப் போயிற்று.

முதல் நாளே சாரைப்பாம்பு வந்தது. பலகையில் தலையை வைத்தது, வாலை வைத்தது, முழு உடம்பையும் சுருட்டி வைத்துப் பார்த்தது. "காலைச் சரியாக வைக்கவும்" என்றது கதவு. பின்னால் நின்ற காட்டுப்பன்றி, தெரியாவிட்டால் வீட்டிலேயே பழகிக்கொண்டு வரச் சொன்னது.

மூன்றாம் நாள் பாம்புக்கு நாக்கின் இரு நுனியும் வறண்டுவிட்டன. இன்னொரு நாள் தாங்காது. தவளையின் அறைக்கு ஊர்ந்து போயிற்று.

"இது எட்ஜ் கேஸும்மா," என்றது தவளை, நிமிராமல். "லட்சத்துல ஒண்ணுதான் இப்படி வரும்."

"அந்த ஒண்ணு நான்தான் சார்."

தவளைக்கு இரக்கம் வந்துவிட்டது. புகார்ப் படிவம் எடுத்துக் கொடுத்தது. பாம்பு கடைசி வரி வரை படித்தது. கையெழுத்துக்குப் பதிலாகக் கால்தடம் கேட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கட்டாயம் சரிசெய்வதாகத் தவளை சமாதானம் சொன்னது.

"அதுவரைக்கும் கால் இருக்கிற யாரையாவது கூட வச்சுக்கங்கம்மா. கதவுக்குக் கால் தெரிஞ்சா போதும்."

பாம்பு தவளையின் காலைப் பார்த்தது.

"ரொம்ப நன்றி சார்," என்றது. "மன்னிச்சுக்குங்க."

சற்று நேரத்தில் பாம்பு பலகைக்கு முன்னால் வந்தது. வாயோரம் ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பலகையில் பதித்தது. "வாங்க, திட்ட அதிகாரி அவர்களே" என்று கதவு திறந்தது. பாம்பு வயிறு முட்டக் குடித்தது. அந்தக் காலை மட்டும் விழுங்காமல், ஈரப் பாசியில் சுற்றி, கதவருகே ஒரு கல்லுக்கடியில் பத்திரப்படுத்தியது.

கோடை முடிந்ததும் சிங்கராஜா வருகைப் பதிவைப் புரட்டினார். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருந்தது தவளை ஒன்றுதான். அதற்குப் பதவி உயர்வு எழுதினார். புகார் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பதால், திட்டத்தைப் பக்கத்துக் காட்டுக்கும் அனுப்பிவைத்தார்.

அங்கே பாதிப் பேர் பாம்புகள். மீதிப் பாதி தவளைகள்.

நீதி: கதவு உங்களை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், அது ஏற்றுக்கொள்ளும் ஒருவரை விழுங்கிவிட்டு மறுபடி வரிசையில் நில்லுங்கள்.