கோழிகளுக்கும் நைட் டூட்டி

கூண்டில் மூன்று கோழிகள்தான் இருந்தன. அசரியா மறுபடியும் எண்ணினார். மூன்றுதான்.

எண்ணுவதில் தவறக்கூடிய ஆள் அல்ல அவர். தாம்பரம் ரயில்வே யார்டில் இரவு முழுவதும் சரக்கு வேகன்களை எண்ணி நோட்டில் குறிப்பதுதான் அவர் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு வேகன் கூடியதில்லை, குறைந்ததில்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் இருப்பவை ஆறு கோழிகள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று மனைவி கிருபாவைப் பாளையங்கோட்டைக்கு ரயிலேற்றிவிட்டு, அப்படியே டூட்டிக்குப் போய்விட்டார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள், "கூண்டுக்குக் கொக்கி போட்டீங்களா?" என்று கேட்டாள். "போட்டாச்சு," என்றார். கூண்டுப் பக்கமே அவர் போகவில்லை. காலையில் வந்து பார்த்தால் கொக்கி தொங்கிக்கொண்டிருக்கிறது, மூன்று கோழிகளைக் காணோம்.

கீரிப்பிள்ளை. வேறென்ன?

ரயில் ஜன்னலில் கிருபா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "என் கோழிங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்காவைக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன். வீட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல?"

அக்கா ஞானஜோதி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் வந்து மூன்று மாதம் இருந்தார். பகலில் தூங்குகிற மனிதன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி என்பது அவர் கட்சி. பத்து மணிக்கு எழுப்பி நாடி பார்ப்பார். நாடி சரியாக இருக்கிறது என்பதால் பதினோரு மணிக்கு எழுப்பி ஒட்டடை அடிக்கச் சொல்வார். அந்த மூன்று மாதத்தில் அசரியா நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டார்.

கிருபா திரும்பி வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் தூங்காமல் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.

கோழி வியாபாரி ஜாபரிடம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தார். "செவலை ஒண்ணு, சாம்பல் ஒண்ணு, மொட்டைக் கழுத்து ஒண்ணு. எல்லாம் பெட்டை."

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அடுக்கிக்கினே போற? செவல கீது, சாம்பல் கீது. மொட்டக் கயுத்து இல்ல. இத்த எட்த்துக்கினு போ, நெறம் அதேதான். கயுத்துல மட்டும் கொஞ்சம் எறகு."

"பழைய கோழிங்களோட சேர்க்கணுமே."

"அதான் பேஜார். பகல்ல வுட்டா கொத்திக் கூறு போட்ரும். ராவுல, எல்லாம் தூங்கசொல்லோ நடுவுல சொருவி வுட்ரு. காலைல முழிச்சுப் பாத்தா, இதும் நம்ம ஆளு போலனு கம்முனு இருந்துடும். கோழிக்கு மூள அவ்ளோதான்."

"ராத்திரி எனக்கு டூட்டி. சாயங்காலம் அஞ்சுக்கே போயாகணும்."

"அப்ப லீவு போடு."

மனைவியோடு ஊருக்குப் போகவே கிடைக்காத லீவு கோழிக்கா கிடைக்கும்? அசரியா மூன்றையும் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜாபர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்பி என்று கிருபா பெயர் வைத்திருந்த பழைய கோழி, புதியவர்களை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு செவலையின் முதுகில் ஏறி நின்று கொண்டையைக் கொத்தியது. சாம்பல் கிணற்றுச் சுவருக்குப் பறந்தது. மூன்றாவது துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது.

அடுத்த வீட்டுப் பரிதா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "புதுக் கோழிங்களாண்ணா?"

"இல்லியே. பழசுதான்."

"பழசா?" என்று ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். "சரிதாண்ணா."

மறுநாள் காலை டூட்டி முடிந்து வந்து படுத்தபோது அசரியாவுக்கு ஒன்று தோன்றியது. அவரே பகலில் எப்படித் தூங்குகிறார்? ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கிக்கொண்டுதானே? மனிதனுக்குச் செய்கிற ஏமாற்று கோழிக்குச் செல்லாதா?

ஜன்னல் கம்பளிகளை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கூண்டைச் சுற்றிக் கட்டினார். உள்ளே பழைய மூன்றும் சத்தம் அடங்கி உட்கார்ந்தன. புதியவற்றை ஒவ்வொன்றாக நடுவில் செருகினார். ஒரு முனகல்கூட இல்லை. வெற்றிதான். திரும்பி வந்து படுத்தார். ஜன்னலில் கம்பளி இல்லாததால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

நண்பகலில் கொல்லையில் ஒரே கூச்சல். ஓடிப்போய்க் கம்பளியைப் பிடுங்கினார். ஆறும் அலகைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. காற்றுப் பட்டதும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் ஒன்றையொன்று பார்த்தன. பார்த்ததும் சண்டை தொடங்கியது.

"ஏண்ணா, கோழிங்களுக்கும் நைட் டூட்டியா?" என்றாள் பரிதா.

"வெயில் ஜாஸ்தின்னு போர்த்தினேன்."

"கம்பளியா?"

அசரியா கம்பளியை மடித்தார்.

மறுபடி ஜாபர். "சாரே, எல்லாத்துக்கும் ஒரே வாசன வந்துட்டா சண்ட வராது. எதுனா தடவி வுடு."

வீட்டில் வாசனையானது கிருபாவின் முகப் பவுடர்தான். டப்பாவை ஆறு கோழிகள் மேலும் கவிழ்த்தார். வாசனை ஒன்றாயிற்று. நிறமும் ஒன்றாயிற்று. அதுவரை புதியவர்களை மட்டும் அடித்துக்கொண்டிருந்த பழைய மூன்றும் இப்போது தங்களுக்குள்ளேயும் அடையாளம் தெரியாமல் அடித்துக்கொண்டன. முன்பு ஒரு சண்டை நடந்த கொல்லையில் இப்போது மூன்று சண்டை நடந்தது. எந்தக் கோழியைக் காப்பாற்றுவது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று இரவு யார்டில், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வேகன் கூடிப்போனது. மேலதிகாரி கூப்பிட்டு, "இல்லாத வேகனை எங்கேய்யா பார்த்தே?" என்று கேட்டார். அசரியா தும்மினார். சட்டைக்குள்ளிருந்து பவுடர் பறந்தது. அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

"அந்தக் கறுப்பு ரவுடியத் தனியா வெச்சிடு," என்றார் ஜாபர் மூன்றாம் முறை. "நாலு நாள் அது கண்ணுல படக் கூடாது. அப்புறம் வுட்டா அதுக்குத் திமிரு எறங்கிடும்."

கறுப்பியைப் பிடித்து, முன்னறையில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தார். முதல் நாள் அது கூடையைத் தள்ளிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தது. கூடை தானாக நடந்து வருவதைப் பார்த்து அசரியா கட்டில் மேல் ஏறிவிட்டார். இரண்டாம் நாள் பாவம் பார்த்துத் திறந்துவிட்டார். அது நேராகப் போய், துவைத்து மடித்து வைத்திருந்த யூனிபாரத்தின் மேல் முட்டையிட்டது. மூன்றாம் நாளிலிருந்து கட்டிலில் பாதி அதற்கு. அவர் புரண்டு படுத்தால் கொத்தியது.

நாலாம் நாள் கொல்லையில் விட்டார். ஜாபர் சொன்னது பலித்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. மற்ற ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து கறுப்பியை விரட்டின. அது ஓடி வந்து அசரியாவின் வேட்டிக்குள் தலையை நுழைத்தது. இத்தனை நாள் அவர் உயிரை வாங்கிய ஜந்து அது. ஆனாலும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதற்காக ஐந்து கோழிகளோடு சண்டைக்குப் போனார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முருங்கைக் கீரையைக் கட்டுக் கட்டாகக் கொடியில், கோழிகளுக்கு எட்டியும் எட்டாமலும் தொங்கவிட்டார். தரையில் ஆறு இடத்தில் தனித்தனியாகக் கம்புத் தானியம் தூவினார். குதித்துக் குதித்துக் கீரை பறிப்பதிலேயே ஆறுக்கும் மூச்சு வாங்கியது. சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. பத்தாம் நாள் ஒரே மணல் குழியில் ஆறும் புரண்டன. பதினோராம் நாள் கறுப்பியும் செவலையும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மூன்றாவது கோழியின் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. ஜாபரிடம் கிடைக்காத மொட்டைக் கழுத்தைக் கறுப்பி வீட்டிலேயே செய்து கொடுத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை கிருபா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அசரியாவுக்கு அதுவே பாதி உயிரைத் தந்தது.

"என்னங்க, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

"டூட்டி ஜாஸ்தி."

"கோழிங்க நல்லா இருக்கா? பார்த்துட்டுத்தான் அக்காவுக்கு லெட்டர் போடணும். கூப்பிட்டா வரேன்னு பெட்டியைக் கட்டி வச்சிருக்காங்க."

பையை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். அசரியா பின்னாலேயே போனார். கிருபா விரல் நீட்டி எண்ணினாள். நின்றாள். முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

"ஆறு இருக்கு," என்றாள்.

"ஆறுதான் இருக்கும்."

"சரியா ஆறு?"

"எண்ணுறதுதான் என் தொழில். நீ விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கு. ஒண்ணுகூடக் குறையல. அக்காவுக்கு எழுதிப் போடு, யாரும் வர வேணாம்னு."

கிருபா அவரையே பார்த்தாள். பெருமைப்படுகிற பார்வையாகத் தெரியவில்லை. ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் கொல்லைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பரிதா உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கூடை, கூடை மேல் ஒரு துணி, துணிக்குள் கொக்கரிப்பு.

"இந்தாங்கக்கா, நீங்க என்கிட்ட விட்டுட்டுப் போன மூணும். கோழி எத்தனைன்னே அண்ணனுக்குத் தெரியாது, அவருக்கு மூணை விட்டாலே போதும்னீங்களே, அதான் நானும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல."