பொட்டு வைத்த கார்டு

"எட்டு நிமிஷம் ஆச்சு," என்றார் ஸ்ரீதர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஏம்மா பூரணி, அஞ்சுன்னியே?"

பூரணி நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் திரையில் துவாக்குடி அடுக்குமாடிக் கட்டடம் இரண்டாவது மாடியிலேயே தவழ்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாடி பாக்கி.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஸ்ரீதரின் ஆபீஸ். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவது தொழில். கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான் அந்தப் படத்தை வரைந்து தள்ள வேண்டும். அங்கே இருந்தது நாலு வருஷப் பழசு. புதுசு வாங்கலாம் என்று பூரணி ஆறு மாதமாக நச்சரித்தாள். ஸ்ரீதர் மசியவில்லை. அப்பா ஓட்டிய ஸ்கூட்டரை இன்னும் உதைத்து உதைத்துக் கிளப்புகிற மனுஷரிடம் போய்ப் புதுசைப் பற்றிப் பேசலாமா?

கடைசியில் நேற்று, ஆபீஸ் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பூரணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பழசு எடுக்கற நேரத்துல பாதியில புதுசு முடிக்கலைன்னா, நான் வேலையை விட்டுப் போயிடறேன் சார்!"

"சரி," என்றார் ஸ்ரீதர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லவில்லையே!

தெரிந்த கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று ஒரு புதுக் கார்டு வாங்கி வந்தாள். காலையில் ஸ்ரீதர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒத்திகையும் பார்த்தாள். பழசுக்குப் பன்னிரண்டு நிமிஷம். புதுசுக்கு ஐந்தே நிமிஷம். பூரணி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே கறுப்பு உடம்பு, ஒரே மாதிரி இரட்டை விசிறி. மாறிப் போய்விடக் கூடாதே என்று, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் புதுசின் மேல் ஒட்டினாள். எந்தக் கார்டு என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் அதுவே சொல்லும்தான். ஆனால் அதற்கு நாலு இடத்தில் தட்ட வேண்டும். பொட்டு என்றால் ஒரே பார்வையில் முடிந்தது. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது, ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் வள்ளிக்கண்ணு மேஜையைப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். பொட்டு வைத்த கார்டை எடுத்துச் செருகினாள் பூரணி. அதுதான் இப்போது இந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பன்னெண்டு!" என்றார் ஸ்ரீதர். கட்டடம் அப்போதுதான் முடிந்தது.

"சூடாயிடுச்சு சார். காத்து பட்டா சரியாயிடும்."

கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை இழுத்து நேரே திருப்பி வைத்தாள். கார்டு அசரவில்லை. மேஜையிலிருந்த பிளான் காகிதங்கள்தான் பறந்து ஆபீஸ் முழுக்க உட்கார்ந்தன. ஸ்ரீதர் குனிந்து குனிந்து பொறுக்கினார்.

"காலையில நல்லா ஓடிச்சு சார். நானே பார்த்தேன்!"

"நான் பார்க்கலியே. துவாக்குடி கட்டடம் கட்டற ஆரோக்கியராஜ் நாலு மணிக்கு வந்துடுவார். அவர் கேக்கற மாத்தத்தை அவர் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டலைன்னா, வேலையை மெட்ராஸ்காரன்கிட்ட குடுத்துடறேன்னுட்டார். ஞாபகம் இருக்கோல்லியோ?"

மணி மூன்று பத்து. ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று அணைத்தாள். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்கு அப்போதுதானா தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தோன்ற வேண்டும்? 'அணைக்காதீர்கள்' என்று எழுதிக் காட்டிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் தவத்தில் உட்கார்ந்துவிட்டது. பூரணி நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் தீர்ந்ததும் துப்பட்டா நுனியைக் கடித்தாள்.

உயிர் வந்ததும் மறுபடி அணைத்து, கார்டை உருவி, செருகுகிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்தாள். ரிப்பேர்க் கடைகளில் எல்லா நோய்க்கும் அதுதான் கைமருந்து. மறுபடி செருகினாள். இப்போது திரையே இருண்டுவிட்டது.

"பெருமாளே!" என்றார் ஸ்ரீதர்.

அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் ஒரு வழியாக வெளிச்சம் வந்தது. ஓட விட்டாள். பதினான்கு நிமிஷம்! தேய்த்ததில் இருந்ததும் போயிற்று. கார்டின் மேலிருந்த பொட்டைப் பார்த்தாள். தன் பொட்டே தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

படியில் காலடிச் சத்தம். ஆரோக்கியராஜ் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பாலத்துல ஒரே டிராஃபிக்குங்க. எனக்கு அரை மணி நேரந்தான் இருக்கு. வெளிச்செவுரு மஞ்சள் வேணாம், வெளிர்நீலத்துல காட்டுங்க பார்ப்போம்."

ஸ்ரீதர் பூரணியின் காதருகே வந்தார். "போதும்மா. பழசைப் போடு."

பூரணி கம்ப்யூட்டரை அணைத்து, பொட்டு வைத்த கார்டை உருவினாள். பொட்டில்லாததைச் செருகினாள். பன்னிரண்டு நிமிஷமானாலும் மானம் தப்பட்டும்.

கட்டடம் சரசரவென்று எழும்பியது. வெளிர்நீலச் சுவர், பால்கனி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. சரியாக ஐந்து நிமிஷம்.

"அடேங்கப்பா!" என்றார் ஆரோக்கியராஜ். "புது மிஷினா சார்?"

"புதுசா? நாலு வருஷப் பழசு சார் இது!" ஸ்ரீதரின் மார்பு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கப் பார்த்தது. "பழசுன்னா பழசுதான். இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் வெறும் மினுக்கு!"

வேலை கிடைத்துவிட்டது. ஆரோக்கியராஜ் கை குலுக்கிவிட்டுப் போனார். பூரணிக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் கண்ணால் பார்த்தது பொய்யா? தனக்கே புத்தி பேதலித்துவிட்டதா? வேலை போனால்கூடப் பரவாயில்லை, தான் சொன்னது தப்பு என்று ஆனதுதான் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்ட நாலு வரி ராஜினாமா எழுதி நீட்டினாள்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் ஸ்ரீதர், பேனாவைத் திறந்தபடி. "ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே."

டீத் தட்டோடு உள்ளே வந்த வள்ளிக்கண்ணு, பூரணியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அய்ய, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் நெத்தியோட அழுவுறீங்களேம்மா... அப்ப நான் மேசையத் தொடைக்கிறப்ப கழண்டு விழுந்தது உங்க பொட்டா? ரெண்டு கறுப்புப் பொட்டியும் ஒரே மாதிரி இருந்துச்சா, எதுலேருந்து விழுந்துச்சுன்னு தெரியாம குத்துமதிப்பா ஒண்ணுல ஒட்டி வச்சுட்டேனே!"