அம்பாசடர் பட்டையில் ஒரு கேக் கத்தி

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் கையில் சுத்தியலைக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் கல்யாணம் வைக்கக் கூடாது. எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் இரண்டும் ஒன்றாக நடந்தன. நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஃகைப் பற்றியும் அதில் உள்ள கரிமத்தைப் பற்றியும் வேலை பார்த்த காலம் முழுக்கக் கல்லூரியில் பாடம் எடுத்தவன் நான். ஆனால் சுவரில் ஓர் ஆணியை நேராக அடித்ததில்லை. (காலண்டர் மாட்டப் போனால் என் மனைவி ஸ்டெல்லா முன்கூட்டியே துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.) ஓய்வுக்குப் பிறகு யூடியூபில் யார் யாரோ இரும்பு அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, எனக்கும் அது வரும் என்று தோன்றிவிட்டது. மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், கேக் வெட்டும் கத்தியை நானே அடித்துத் தரப் போவதாக அறிவித்தேன்.

எங்கள் சபைக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேக்கின் மேல் பூசிய வெள்ளைச் சர்க்கரை காய்ந்து சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து அழுத்துவார்கள், கத்தி வழுக்கும், போட்டோக்காரர் "இன்னொரு தடவை" என்பார். என் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்று நினைத்தேன்.

"டாடி, மண்டபத்துலயே கத்தி குடுப்பாங்க," என்றாள் ஷீபா.

"உங்கப்பா உயிரோட இருக்கும்போது வாடகைக் கத்தியா?"

"உயிரோட இருக்கணும்னுதான் டாடி சொல்றேன்."

கருவிகளை நான் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். கடையில் இருந்ததிலேயே பெரிய சுத்தியலை வாங்கினேன். முதல் நாளே மணிக்கட்டு வீங்கி, சாப்பாட்டை இடது கையால் உண்டேன். பட்டறைக் கல்லுக்குப் பதில் ஒரு சம்மட்டியின் தலையை மரக்கட்டையில் பதித்துக்கொண்டேன். கரி, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் வாங்கியது. துருத்திக்குப் பதில் ஷீபாவின் ஹேர் டிரையர். பிடிப்பதற்கு ஸ்டெல்லாவின் அடுப்பங்கரை இடுக்கி. (டிரையர் உருகிப்போனது. இடுக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் பால் பாத்திரத்தை இறக்க முடியாது என்று ஸ்டெல்லா எடுத்துச் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை.)

முதலில் எடுத்த இரும்பு, மாடி கட்டியபோது மிஞ்சிய கம்பி. சூடாக்கி, தட்டி, தண்ணீரில் முக்கி, கத்தி என்று பெயர் வைத்தேன். அதை வைத்துக் கேரட் நறுக்கிப் பார்த்தோம். கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கத்தி வளைந்தது. கட்டடக் கம்பியில் கரிமம் குறைவு, எவ்வளவு முக்கினாலும் கடினமாகாது. இதைத் தேர்வில் எழுதாத பையன்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது வண்டியின் கமான் பட்டைதான் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்க, சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைத்து அடுக்கியிருப்பார்களே, அந்த எஃகுப் பட்டை.

எங்கள் காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றொன்றில் ஸ்டெல்லாவின் தம்பி டேவிட். இருவருக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு ஷெட். அதில்தான் டேவிட்டின் பழைய அம்பாசடர் நிற்கும். அவன் அதைச் சொந்தக்காரர்களைவிட நன்றாக வைத்திருந்தான். ஷீபா அந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நான் ஷெட்டின் மூலையைத் துழாவியபோது, கோணிப்பையில் சுற்றிய எஃகுப் பட்டைகள் கிடைத்தன. கிரீஸும் துருவுமாக இருந்தன. டேவிட் எதையும் தூக்கிப் போடாதவன், ஆகவே பழைய சாமான் என்று முடிவு செய்தேன். அளவான ஒன்றை எடுத்து, சாணை பிடிக்கும் கிரைண்டரில் வைத்துப் பார்த்தேன். பொறிகள் பூவாகக் கிளைத்துச் சிதறின. நல்ல கரிமம். காந்தம் வைத்துப் பார்த்தேன். அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். அது யாருடையது என்பதை மட்டும் சோதிக்கவில்லை.

உண்மையிலேயே நல்ல கத்தி வந்தது. கடலை எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தினேன். (பக்கத்து வீட்டம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், போண்டாவா?" என்று கேட்டார்.)

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை ஷெட்டில் சத்தம் கேட்டுப் போனேன். உறையை எடுத்திருந்தார்கள், வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. பக்கத்தில் மெக்கானிக் பாஷா. நீலசந்திராக்காரர், டேவிட்டின் அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்த்துக்கொள்பவர். தேய்ந்த ரப்பர் புஷ் மாற்றுவதற்காகப் பட்டைகளைக் கழற்றிக் கோணியில் சுற்றி வைத்தது அவர்தான்.

"ஒண்ணு குறையுது சார்."

"குறையுதுன்னா? கால் முளைச்சுப் போச்சா?" என்றான் டேவிட்.

"நான் எண்ணித்தான் சார் வெச்சுட்டுப் போனேன்."

"நீயே வெச்ச, நீயே எடுக்க வந்த. நடுவுல வேற யாரு வந்தா? குஜிரிக் கடைல பழைய இரும்புன்னு எவ்வளவுக்குப் போட்ட, சொல்லு!"

"சார், அந்தப் பேச்சு வேணாம். உங்கப்பாவே என்னை அப்படிக் கேட்டதில்ல."

போண்டா அம்மாள் உட்பட இரண்டு மூன்று தலைகள் சுவருக்கு மேல் தெரிந்தன. நான் கையில் உப்புத்தாளோடு நின்றிருந்தேன். எதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். டேவிட் என் பக்கம் திரும்பினான். "பாருங்க மாமா, யாரைத்தான் நம்பறது?"

"காலம் கெட்டுப் போச்சு," என்றேன்.

ஆமாம், அதைச் சொன்னது நான்தான். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை.

பாஷா கருவிகளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் எங்கோ அலைந்து, வேன் பட்டை ஒன்றை வெட்டி எடுத்துவந்து பொருத்தினார். "பொண்ணு கோயிலுக்குப் போயிடும் சார். நான் வரல," என்றார். ஸ்டெல்லா கொண்டுவந்த டீயைத் தொடவில்லை.

வேன் பட்டை தடிமனானது. அம்பாசடர் ஒரு பக்கம் தூக்கி நின்றது. தாழ்ந்த பக்கத்தில் நான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ஷீபா வெள்ளைக் கவுனோடு சரிந்து என் மடியில் விழுந்தாள், தலைக் கிரீடம் கதவில் இடித்தது.

"வண்டி ஏன் டாடி இப்படிச் சாயுது?"

"பழைய வண்டிம்மா."

மண்டபத்தில் கேக் வந்தது. இட்லியில் இறங்குவது போல் கத்தி இறங்கியது. ஒரே கைதட்டல். அடுத்ததுதான் நான் எனக்கே வெட்டிய குழி. கத்தியைப் பற்றி மேடையில் என்னிடம் கேட்கும்படி, மைக் பிடித்த பையனிடம் ஒரு வாரம் முன்பே நானே சொல்லிவைத்திருந்தேன்.

"புரொஃபசர் சார், இவ்வளவு அருமையான கத்தி! இதுக்கு இரும்பு எங்கேர்ந்து கிடைச்சுது?"

லாரிச் சாமான் கடையில் பொறுக்கியதாகச் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். முன்வரிசையில் இருந்து டேவிட் எழுந்து, "நல்லா சொல்லுங்க மாமா! இந்த வயசுல யாரால முடியும்!" என்று கத்தினான். அவன் என்னைத் திட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"டேவிட், இது உன் வண்டிப் பட்டை," என்றேன். மைக்கில்.

டேவிட் கத்தியைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான். "என் அம்பாசடரை வெச்சா மாமா கேக் வெட்டுனீங்க?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், டேவிட்டும் நானும்.

மறுநாள் இருவரும் கேக்கோடு நீலசந்திரா போனோம். டேவிட் மன்னிப்புக் கேட்டான். பாஷா அவனை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை.

"டேவிட் சார் கோவத்துல கத்துனாரு. அவருக்குத் தெரியாது. நீங்க அங்கதான சார் நின்னீங்க?"

"ஆமாம்."

"அப்போ கேக்கை எடுத்துட்டுப் போங்க. என்னைத் திட்டுன இடத்துல வந்து சொல்லுங்க. அங்க வந்து நான் திங்கறேன்."

அப்படியே செய்தோம். ஷெட் வாசலில் நின்று, சுவருக்கு மேல் தெரிந்த அதே தலைகள் கேட்க, நான் எடுத்தேன் என்றும் தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். குரல் எழும்பவில்லை. "சத்தமா சார், கிளாஸ்ல சொல்ற மாதிரி," என்றார் பாஷா. சத்தமாகச் சொன்னேன். பிறகுதான் அவர் கேக்கை வாயில் போட்டார்.

இப்போதெல்லாம் நான் யார் வீட்டுக்குப் போனாலும், "மாமா வர்றாரு, இரும்பு கேட்டைக் கழட்டி உள்ள வைங்க," என்பார்கள். பேத்தியின் தொட்டிலில் இருந்த இரும்புச் சங்கிலியை மாப்பிள்ளை என் கண்முன்னே இழுத்து எண்ணிப் பார்த்தார். விசேஷங்களில் யாராவது கதையைக் கேட்டால், டேவிட், ஷீபா, ஸ்டெல்லா மூவரும் முந்திக்கொண்டு சொல்வார்கள். எல்லோரும் மேடையில், மைக்கில் இருந்துதான் தொடங்குவார்கள்.

பாஷா மட்டும் வியாழக்கிழமையில் இருந்து தொடங்குவார்.