வெள்ளிக் கிண்ணத்தில் முதல் மிடறு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
தாது வருஷம், ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

கிள்ளானில் வாழும் மகா கனம் பொருந்திய சின்னையா மாமா அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் அக்காள் மகன் தம்புசாமி பணிவோடு எழுதிக்கொண்டது. நான் சுகம். அம்மா சுகம். ரயில்வே குவார்ட்டர்ஸின் கூரை ஒழுகுவதைத் தவிர இவ்விடம் மற்றதெல்லாம் சுகம். அத்தையும் சந்திரகலாவும் அவ்விடம் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். கடவுள்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்றாலும், இப்படித் தொடங்காத கடிதத்தை நீங்கள் மேலே படிக்கமாட்டீர்கள் என்பதால் வேண்டுகிறேன்.

மாமா, நாங்கள் ஜெயித்துவிட்டோம்! நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் இந்த வருஷத்து பேட்மிண்டன் கிண்ணம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோஷ்டிக்கு. தோற்றவர்கள் உங்கள் ஊர்க் கிள்ளான் கோஷ்டிதான், மன்னிக்கவும். இந்தச் செய்தியை உங்களுக்கே முதலில் எழுதுகிறேன். நீங்கள் சங்கத்தின் போஷகர் என்பதற்காக அல்ல. தைப்பூசத்துக்குப் பிறகு கிள்ளானில் நடந்த சீர்திருத்தக் கூட்டத்தில், "தமிழர்கள் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் வாய்வைத்துக் குடிக்கிற நாள்தான் நமக்கு நல்ல நாள்" என்று மேசையைத் தட்டிப் பேசியவர் நீங்கள். தட்டிய தட்டில் சோடா பாட்டில் உருண்டு விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டியவன் நான். அந்த நல்ல நாள் நேற்றுச் சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே உங்கள் ஊரில் நாங்கள் செருப்படி வாங்கியது உங்களுக்குத் தெரியும். என் ஜோடி யார் என்பதும் தெரியும். சங்கத் தலைவரும், கோஷ்டித் தலைவரும், ரயில்வே சரக்கு ஆபீஸில் பேரேடு எழுதும் பெரிய கிராணியும், உங்கள் ஆப்த நண்பருமான வேலாயுதம் அவர்கள். அவர் ஆட்டம் முடியும்வரை தலையிலிருந்த தொப்பியைக் கழற்றவில்லை. வெள்ளைக் கால்சட்டையில் அழுக்குப் படும் என்று குனியவும் இல்லை. தலைக்கு மேலே வந்த பந்தைத் தொப்பி மறைத்தது, இடுப்புக்குக் கீழே வந்த பந்தைத் தொப்பை மறைத்தது, நடுவில் வந்த ஒன்றிரண்டை அவர் வலையில் அடித்தார். தோற்றதும், "காத்து நம்ம பக்கம் அடிக்கல தம்பு" என்றார். காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அடித்தது. அடுத்து பந்திங் கோஷ்டியோடு ஆடப் போனபோது லோரி வழியில் சேற்றில் இறங்கி, எல்லோரும் தள்ளி, தலைவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து "தள்ளுங்கடா" என்று உற்சாகப்படுத்தி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆடு இறகுப் பந்துகளில் பாதியைத் தின்று, மீதிப் பாதியில் ஆடியும் தோற்றோம். இரண்டு ஆட்டத்தில் இரண்டு தோல்வி. தலைவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் நான் வாசுவின் பெயரைச் சொன்னேன். வாசு எனக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு. அவன் அப்பா தண்டவாளக் கூலியாக இருந்து செத்துப்போனார். அம்மா நல்லம்மாள் இன்றும் ஸ்டேஷன் பிளாட்பாரம் கூட்டுகிறார். படிப்பைப் பாதியில் விட்டு இவன் செந்தூலில் என்ஜின் துடைக்கப் போனான். அங்கே மதிய வேளையில் கரி மூட்டைக்கு மேலே கயிறு கட்டி ஆடி ஆடியே பழகியவன். வெறுங்காலில் அவன் தாவுகிற தாவலைப் பார்த்தால் உடம்பில் எலும்பே இல்லை என்று தோன்றும். பெயரைக் கேட்டதும் தலைவர் முகம் சுருங்கியது.

"அவன் நம்ம பழைய மாணவனா?"

"ஆமா. எனக்குப் பக்கத்துலதான் உக்காந்தான்."

"உக்கார விட்டாங்களா?"

விட்டார்கள் மாமா. பாதிரிமார் பள்ளிக்கூடம் என்பதால் விட்டார்கள். நம் ஆட்கள் நடத்தியிருந்தால் வராந்தாவில் நிற்க வைத்திருப்பார்கள். மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றால் மானம் போகும் என்பதால் தலைவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கோர்ட் அவர் வீட்டுக் காம்பவுண்டில் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அங்கே எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது வழக்கம். வாசுவுக்கு மட்டும் ஒரு தகர மங்கு. அது பின்பக்கத்து ரம்புத்தான் மரத்தில் ஆணியில் தொங்கும். அவனே எடுத்து, அவனே கழுவி, அவனே மாட்ட வேண்டும். "சுகாதாரம் தம்பு. காய்ச்சல் காலம்" என்றார் தலைவர். காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்று சர்க்கார் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வாசுவின் வாய் காரணம் என்று கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.

நான் கொதித்தேன். வாசு சிரித்தான். "மங்கு பெரிசா இருக்குடா தம்பு. உனக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒன்றரை" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவே இல்லை. செந்தூல் கோஷ்டியை அவர்கள் ஊரிலேயே மண் கவ்வ வைத்தோம். பந்திங்காரர்களை அவர்கள் ஆட்டோடு சேர்த்து விரட்டினோம். கிள்ளானை இங்கே வரவழைத்துக் கணக்குத் தீர்த்தோம். ஒவ்வொரு வெற்றிக்கும் தலைவர், "என் பயிற்சி" என்று மீசையைத் தடவினார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் வாசு ரம்புத்தான் மரத்தடிக்கு நடந்தான்.

மறுபடி கிள்ளானோடு இறுதி ஆட்டம். அதற்கு முந்தின வாரம் அவன் சிரிப்பை நிறுத்தினான். "அம்மா பாக்க வரேங்குது" என்றான்.

"வரட்டுமே!"

"அதுகிட்ட நான் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேண்டா. ஐயாமாரோட சரிசமமா உக்காந்து, பூப்போட்ட கோப்பையில தேத்தண்ணி குடிக்கிறேன்னு. பிளாட்பாரம் கூட்டுற பொம்பளைங்ககிட்ட எல்லாம் அது பெருமை அடிச்சிக்கிட்டுத் திரியுது. அது கண் முன்னால நான் அந்த மரத்தடிக்குப் போக மாட்டேன். மங்க எடுன்னு யாராச்சும் சொன்னா, ராக்கெட்ட அங்கேயே போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன் லா."

நான் தலைவரிடம் போய், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கோப்பை என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன், கெஞ்சினேன். "பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல தம்பு. சங்கத்துல பழக்கத்த மாத்தினா எல்லாம் போயிடும்" என்றார். அந்த வார்த்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா. அவர் வாயால் சொன்னது.

ஏனென்றால் சங்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. அதைக் கொண்டுவந்தவரும் அவரேதான். போன வருஷம் ஏதோ காகிதம் கொடுக்க வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குப் போய், வாசலில் வெகுநேரம் நிறுத்தி வைக்கப்பட்டபோது, ஜன்னல் வழியே ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார். ஜெயித்த கோஷ்டி வெள்ளிக் கிண்ணத்தில் பீர் ஊற்றி ஒரே கிண்ணத்தில் வரிசையாகக் குடித்தார்களாம். உடனே நமக்கும் அதே முறை வந்தது. பீருக்குப் பதிலாக ரோஜா சர்பத்து. கடைசிப் புள்ளியை எடுத்தவன் முதல் மிடறு, சங்கத் தலைவர் இரண்டாவது மிடறு, பிறகு மற்றவர்கள். போன வருஷம் கிள்ளான் ஜெயித்தபோது தலைவர் அந்த இரண்டாவது மிடற்றைக் கண்ணை மூடிக் குடித்து, மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார். நம் வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் துரைக்கும் அது மிகவும் பிடித்துப்போய், இந்த வருஷம் சர்பத்துக் குடத்தைத் தாமே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மனிதர் இரண்டு பழக்கங்களை வளர்த்து, இரண்டும் ஒரு நாள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் என்று நினைக்காமலே இருந்திருக்கிறார். எனக்கும் நேற்றுவரை தோன்றவில்லை.

நேற்று காம்பவுண்டில் கூட்டம். துரை நடுநாற்காலியில். பக்கத்தில் தலைவர், புதுத் தொப்பி. வேலிக்கு வெளியே ஸ்டேஷன் பெண்களோடு நல்லம்மாள், மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம். முதல் செட் எங்களுக்கு. இடைவேளையில் கறிபாப்பும் தேத்தண்ணியும் வந்தன. வாசு தாகமில்லை என்று வலைக் கம்பத்தில் சாய்ந்து நின்றுவிட்டான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டாவது செட்டில் பதினான்கு பதினொன்று. இன்னும் ஒரு புள்ளி. அப்போது துரை எழுந்து, குடத்தின் துணியை அவிழ்த்துக் கிண்ணத்தில் சர்பத்தை ஊற்றினார். தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார். வாசுவைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வியர்வை அரும்பியதை நான் கோர்ட்டிலிருந்தே பார்த்தேன்.

"தம்பு! கடைசி அடி நீ எடு!" என்று கத்தினார். பிறகு செயலாளர் கிரிகரியைக் கோட்டருகே அனுப்பினார். கிரிகரி வந்து, "வாசுவ பின்னால நிக்கச் சொல்றார். எல்லாப் பந்தும் நீயே அடிக்கணுமாம். காரணம் கேட்டா காத்துங்கிறார்" என்றான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் முதுகெலும்பில் ஒரு சந்தோஷம் ஓடியது மாமா, உங்கள் கூட்டத்தில்கூட அப்படி ஓடியதில்லை.

நான் பந்தைப் போட்டேன். கிள்ளான்காரர் வானத்துக்குத் தூக்கி அடித்தார். அது உயரே போய், நின்று, திரும்பி, நேராக என் தலைக்கு மேலேயே இறங்கியது. என் பாட்டி இருந்தாலும் அதை அடித்திருப்பாள். "உனக்குத்தான் தம்பு! அடி! அடி!" என்று தலைவர் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். நான் குனிந்து, நிதானமாக, காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

பின்னாலிருந்து வாசு என் முதுகுக்கு மேலே தாவினான். சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தபோது பந்து எதிர்ப்பக்கத்து மண்ணில் குத்தி நின்றது.

துரை கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாசுவிடம் நீட்டினார். வாசு வேலிப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தான். மிடறாகவா குடித்தான்? மூன்று மாதத் தாகம். வேலிக்கு வெளியேயிருந்து நல்லம்மாள், "மெதுவாடா! பொறையேறிடும்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கொஞ்சம் அழுதேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

கிண்ணம் தலைவரிடம் போனது. "இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார். கிரிகரி வெகுளி. "என்னண்ணே, இப்பத்தானே கறிபாப் மூணு போட்டீங்க?" என்று கேட்டான். "வயித்துக்குச் சரியில்ல" என்றார். "சர்பத்து வயித்துக்கு நல்லதுண்ணே" என்றான் கிரிகரி. துரைக்குத் தமிழ் தெரியாது. தலைவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, தோளில் கை போட்டு, கிண்ணத்தின் அடியை அன்போடு தூக்கிவிட்டார். பாதி சட்டையில், பாதி தொண்டையில். தொண்டை ஏறி இறங்கியதை ஊரே பார்த்தது. கைதட்டல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். இதுவரை அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. இன்று காலையில் கடைத்தெருவில் பார்த்தேன், நன்றாக நடமாடுகிறார்.

ரம்புத்தான் மரத்து ஆணியை வாசுவே பிடுங்கி எடுத்துக்கொண்டான். மங்கு கோழித் தண்ணீருக்குப் போய்விட்டது.

மாமா, நீங்கள் மேடையில் சொன்னதை நாங்கள் மைதானத்தில் செய்துகாட்டிவிட்டோம். உங்களைப் போன்ற ஒருவர் போஷகராக இருப்பதால்தான் எங்களுக்கு இந்தத் தைரியம். அத்தைக்கு என் நமஸ்காரம். சந்திரகலாவிடம் நான் ஜெயித்ததாக மட்டும் சொல்லவும், சப்பாத்துக் கயிறு விஷயம் வேண்டாம். நீங்கள் நூறு வயது நல்ல தொண்டையோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று விரும்பும்,

உங்கள் மருமகன்
தம்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் கிரிகரி ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து நிற்கிறான். இன்று காலையில் சங்கக் கமிட்டி கூடி, வெள்ளிக் கிண்ணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாம். அடுத்த வருஷத்திலிருந்து வெற்றி பெறுகிறவர்களுக்குக் கேடயம். கேடயத்தில் யாரும் எதையும் ஊற்றிக் குடிக்க முடியாது என்பதைத் தலைவர் இரண்டு தரம் சொன்னாராம். அதை நன்கொடையாகத் தருகிறவர் கிள்ளான் சின்னையா அவர்கள். தலைவரின் சேதி நேற்று சாயங்காலமே தந்தியில் போய், பொருள் காலை ரயிலில் வந்துவிட்டதாம். பித்தளைத் தகட்டில் உங்கள் பெயர் பள்ளிக்கூடத்தின் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது. இவ்வளவு வேகத்தில் நீங்கள் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. மேலே எழுதிய புகழ்ச்சிகளை அடிக்கலாமா என்று யோசித்தேன். மை வீண் என்று விட்டுவிட்டேன்.

வாசுவும் இங்கேதான் இருக்கிறான். கேடயத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, கவிழ்த்து மேசைமேல் வைத்தான். பின்பக்கம் நல்ல குழிவு. ஆளுக்கு ஒரு மிடறு தாராளமாக நிற்கும் என்கிறான். அடுத்த வருஷப் பரிசளிப்புக்கு நன்கொடையாளரே தலைமை தாங்க வேண்டும் என்று துரையிடம் இப்போதே சொல்லிவிட்டு வருகிறோம். முதல் மிடறு வாசுவுக்கு. இரண்டாவது உங்களுக்கு.