வெளிப்பக்கம் கொண்டி வைத்த ஜன்னல்

அவமானப்படுவதற்காக நான் பொதுவாக எந்த முயற்சியும் எடுப்பதில்லை. அது தானாகவே வீடு தேடி வந்துவிடும். ஒரே ஒரு முறைதான் படம் பிடித்து, அளவெடுத்து, பெயின்ட் நிறம் தெரிவு செய்து, ஆள் வைத்து அதைச் செய்வித்துக்கொண்டேன்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் லிந்துலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தோம். முதல் மழைக்காலத்திலேயே காற்று ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. வெளியே பலகைக் கதவு போட்டால்தான் சரி என்று முடிவு செய்தோம். (சுவரோடு ஒட்டி இருபக்கமும் விரிந்து கிடக்கும், மழை வந்தால் கண்ணாடிக்கு மேல் சாத்துவார்கள், அதுதான்.) ஹட்டன் கடையில் அலுமினியத்தில் ஒன்று காட்டினார்கள்.

"இதுவே போதுங்க. வீட்டுக்குள்ள இருந்தே இழுத்து மூடிக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குப் போதவில்லை. என் மனதில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் பங்களா. வெள்ளைச் சுவரில் கரும்பச்சைப் பலகைக் கதவுகள். தொழிலாளர் லயத்துப் பையனாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. இப்போது வாத்தியாராகிவிட்டேன், சொந்த வீடும் ஆகிவிட்டது, அந்த ஜன்னல் மட்டும்தான் பாக்கி என்று தோன்றியது. வேலிக்கு வெளியே நின்றே கைபேசியில் நாலு படம் எடுத்து வந்தேன்.

தலவாக்கலையிலிருந்து வந்த தச்சு பாஸ் (எங்கள் பக்கம் மேஸ்திரியை அப்படித்தான் சொல்வோம்) அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சேர், இதுல கொண்டி வெளிப்பக்கம் இருக்கு. ஒங்களுக்கு உள்பக்கம் போட்டுருவமா?"

"படத்துல இருக்கிற மாதிரியே போடுங்க பாஸ். அச்சு அசலா இருக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் மாமனார் அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதக்காரக் குடும்பத்துப் பெண்ணை ஒரு சைவப் பையன் பதிவுத் திருமணம் செய்துகொண்டதை அவர் மன்னிக்கவில்லை. இரண்டு வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என்னைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் "அந்த வாத்தியாரு" என்பார். ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம் ஆனபோதுதான் மனம் இளகி, மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மகளை மட்டும்.

"அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனாப் போதும். நீங்க எதையாவது பேசிக் கெடுத்துறாதீங்க" என்று ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்கக் கெஞ்சினாள். இரவில் அழுதும் இருக்கிறாள்.

மாமா முப்பது வருடம் வேறொரு தோட்டத்தில் துரையின் பங்களாவில் அப்புவாக வேலை செய்தவர். சமையல், பரிமாறல், வீட்டுக் காரியம் எல்லாம் அவர்தான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பங்களா தெரிந்த மனிதருக்கு என் ஜன்னலின் அருமை புரியும், அதைப் பார்த்ததும் என்னை மதித்துவிடுவார் என்று வேறு நினைத்தேன். (மண்டைக்குள் என்ன இருந்தது என்று ஸ்டெல்லா இன்றும் கேட்கிறாள்.)

ஞாயிறு பூசை முடிந்து மாமாவும் மாமியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமா வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்று ஜன்னல்களையே பார்த்தார். கிட்டே போய் ஒரு கொண்டியை விரலால் தட்டினார்.

"அப்படியே பெரிய தொர பங்களா மாதிரி இல்ல, மாமா?" என்றேன். வாயைத் திறக்காதே என்று சொல்லப்பட்டவன் நான்.

"ம்" என்றார்.

ஒருவழியாக எல்லோரும் உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மாமா சோற்றைப் பிசைந்தார், ஸ்டெல்லா அவர் கையையே பார்த்தாள், நான் கோழிக் குழம்பில் முகம் புதைத்தேன். மாமா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது ஸ்டெல்லா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மலைக்கு அந்தப் பக்கமிருந்து மழை இறங்கியது.

பலகைகள் சுவரில் அடித்துக்கொண்டன. கண்ணாடி அதிர்ந்தது.

"சாத்துங்க, சாத்துங்க!" என்றாள் ஸ்டெல்லா.

எச்சில் கையோடு ஓடிப்போய்க் கண்ணாடியை நகர்த்தி, இரும்புக் கம்பிக்குள் இடது கையை விட்டேன். பலகை எட்டவில்லை. எட்டினாலும் கொண்டி வெளியே. தோள்வரை கையை நுழைத்துத் துழாவினேன். மழை என் முகத்தில் அடித்து, என்னைத் தாண்டி மேசையிலிருந்த குழம்புச் சட்டிக்குள்ளும் விழுந்தது. இழுத்தால் கை வெளியே வரவில்லை. நான் கம்பியில் மாட்டிக்கொண்டேன்.

மாமா எழுந்தார். கை கழுவினார். மழைக்குள் இறங்கினார்.

படார். கொண்டி விழுந்தது. ஒரு ஜன்னல் இருண்டது. படார். இன்னொன்று. மூன்றாவதற்கு வந்தவர் வெளியேயிருந்து என் கையை ஒரு திருப்புத் திருப்பி உள்ளே தள்ளிவிட்டு அதையும் சாத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் மழையில் நனைந்து துரைக்கு ஜன்னல் சாத்திய மனிதரை, விருந்துக்கு அழைத்து, மறுபடியும் அதே வேலை செய்ய வைத்திருக்கிறேன்.

நான்காவது ஜன்னலையும் சாத்தினார். இருட்டில் ஸ்டெல்லா விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

மாமா சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டார்.

"சாத்தியாச்சுங்க தொர. டீ கொண்டாரவா?"

நான் வாசலுக்கு ஓடினேன்.

"மன்னிச்சிருங்க மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அது இருக்கட்டும். சாத்துறப்ப நான் எப்பவும் வெளியதான் நின்னுருக்கேன். உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு எப்பிடி இருக்கும்?"

"இருட்டா இருந்துச்சு மாமா."

"அம்புட்டுத்தானா!"

முதலில் சிரித்தது மாமிதான். பிறகு மாமா நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டெல்லா அழுதுகொண்டே துவாய் எடுக்க ஓடினாள்.

அடுத்த வாரம் கொண்டிகளை உள்பக்கம் மாற்ற பாஸைக் கூப்பிட்டேன். மகளுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்த மாமா அவரைத் தடுத்தார்.

"வேணாம் பாஸ், இருக்கட்டும். எங்க மருமகன் வெளிய போயிச் சாத்துவாரு."

மருமகன் என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். கொண்டியை மாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. மாமா வந்திருக்கும் நாளில் மழை இருட்டினால் வீடே சேர்ந்து "தொர!" என்று என்னைக் கூப்பிடும். நான் குடையோடு இறங்குவேன். ஒவ்வொரு பலகையாகச் சாத்தும்போது கண்ணாடி வழியே மாமா தெரிவார். கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் என் பக்கம் திரும்பமாட்டார். ஏன் மாமா என்று கேட்டேன்.

"சாத்துறவன எந்தத் தொர திரும்பிப் பார்த்திருக்காரு?" என்றார்.