அறுபத்து நான்காம் பக்கம்

மனித குலம் புத்தகத்தைக் கண்டுபிடித்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் அதைத் திறக்காமல் வைத்திருப்பதில் உள்ள பெரும் பயனைக் கண்டறிந்து உலகுக்கு வழங்கிய பெருமை கொடைக்கானலுக்கே உரியது. இன்னும் சரியாகச் சொன்னால், 1983ஆம் ஆண்டு, ஏழு ரோடு சந்திப்புக்குச் சற்றுக் கீழே என் டைப்ரைட்டர் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கிய 'பழனிமலைப் பழஞ்சித்திரக்கதைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு' உரியது.

சங்கத்தில் மூன்று பேர். தலைவர் ஜெபதுரை சார். முப்பது ஆண்டுகள் பள்ளி நூலகராக இருந்து ஒரு புத்தகம்கூடத் தொலையாமல் காத்தவர். யாருக்கும் எதையும் கொடுக்காததே அவருடைய முறை. செயலாளர், மரியசூசையாகிய நான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் தங்கமுத்து அண்ணன் 'பொதுக்குழு'.

இப்படிப்பட்ட பேரமைப்பையே ஒரு சின்னச் சிக்கல் ஆட்டிவைத்தது. ஒரு புத்தகத்தில் கடைசிப் பக்கம் இருக்கிறதா, இல்லையா என்பதை, அதைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

"திறந்து பார்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தர நிர்ணயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பொறுமையாக விளக்குகிறேன்.

தங்கமுத்து அண்ணன் உருளைக்கிழங்கைப் பிரிக்கும் முறையையே நாங்கள் சித்திரக்கதைக்கும் வைத்துக்கொண்டோம். நான்கு ரகம். யாரும் திறக்காத புத்தகம் 'முதல் ரகம்'. திறந்தும் படிக்காதது 'இரண்டாம் ரகம்'. படித்தது 'பொடி'. ரசித்துப் படித்தது 'கழிவு'. ஒருவர் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால், அதற்குப் பிறகு அது சங்கத்தின் படியேற முடியாது.

முதல் ரகத்தைத் திறந்தால் அட்டையின் முதுகில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் இரண்டாம் ரகம். இரண்டாம் ரகத்துக்கு விலையே இல்லை. ஆகவே கடைசிப் பக்கம் இருக்கிறது என்று நிரூபித்த அந்த நொடியிலேயே, நிரூபித்ததன் பயன் போய்விடும். எவ்வளவு அழகான அமைப்பு! டைப்ரைட்டரில்கூட இப்படி ஒரு பூட்டு கிடையாது.

சிக்கலுக்குக் காரணமான புத்தகம் 'எரிமலையில் எட்டுப் பேர்'. இருபது ஆண்டுகளுக்கு முன் பழனியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சானது. அறுபத்து நான்கு பக்கம். எரிமலை உச்சியில் எட்டுப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் வைரத் திருடன். அது யார் என்பது கடைசிப் பக்கத்தில் இருப்பதாக அட்டையே சொல்லும். சங்கத்தில் யாருக்கும் திருடன் யார் என்று தெரியாது. அது எங்கள் ஒழுக்கத்துக்குச் சான்று.

அந்த அச்சகத்தின் பரணில் விற்காத பிரதிகள் கட்டோடு இருப்பதாக வேலுச்சாமி என்பவர் சொல்லி அனுப்பினார். அவர் அந்த அச்சகத்தைப் பழைய சாமான்களோடு விலைக்கு வாங்கியவர். தங்கமுத்து அண்ணன் ஏழு வாங்கினார். நான் ஒன்று வாங்கினேன். அதற்கான பணம், எங்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட என் மனைவி தெரசம்மாள் எடுத்து வைத்திருந்தது.

தெரசம்மாள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். குரலை உயர்த்த மாட்டாள். லைனைத் துண்டிப்பது போல ஒரு சொல் சொல்வாள், அவ்வளவுதான்.

"ஏங்க, ஐப்பசி மழை ஏறி வருது. கட்டிலுக்கு மேல மூணு எடத்துல ஒழுகுது. ஒங்க புஸ்தகம் எங்க படுத்திருக்கு?"

"பீரோவில்."

"என் கல்யாணப் புடவை எங்க?"

"...கட்டிலுக்கு அடியில்."

"அப்ப நானும் பீரோவுல படுத்துக்கறேன். மழைக்கு முந்தி தகரம் வரலன்னா, நா கன்னிவாடிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வெள்ளனே மொத பஸ்ஸு. சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். ஆகவே புத்தகத்தைத் தங்கமுத்து அண்ணனுக்கே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். எட்டும் ஒரே கையில் சேர்ந்தால் விலை ஏறும் என்பது அவர் கணக்கு.

சங்கத்தில் விலை பேசுவது சந்தை முறைப்படிதான். இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். என் அவசரம் தெரிந்து ஒரு விரலுக்கு ஒரு தகரம் என்று வைத்துக்கொண்டோம். எனக்கு வேண்டியது ஐந்து தகரம். அதாவது முழுக் கை.

ஆனால் சமவெளிக்காரரான தங்கமுத்து அண்ணனுக்குப் பெருமாள்மலை தாண்டினாலே பல் தந்தியடிக்கும். கம்பளிக் கையுறை இல்லாமல் அவர் மலையேறுவதில்லை. அந்தக் கையுறையில் கட்டைவிரலுக்குத் தனி வீடு. மற்ற நான்கும் கூட்டுக் குடும்பம். துண்டுக்குள் நான் பிடித்தது எத்தனை விரல் என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை.

"அண்ணே, இது ரெண்டா, அஞ்சா?"

"பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"கையுறையைக் கழட்டுங்களேன்."

"கழட்டுனா வெரலு வெறைச்சுப் போகும். அப்பறம் மண்டியில யாரு ஏலம் விடுறது? அது கெடக்கட்டும். கடசிப் பக்கம் இருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல. கன்னிவாடில ஒருத்தன் கடசிப் பக்கத்தக் கிழிச்சுக்கிட்டு வித்துப்புட்டானாம். எனக்கு உத்தரவாதம் வேணும்."

"திறந்து பார்க்கலாமா?"

"திறந்தா எனக்கு வேண்டாம்."

இப்போது சிக்கல் உங்களுக்கு முழுமையாக விளங்கியிருக்கும். நான் விஞ்ஞான முறையில் இறங்கினேன்.

முதலில் எடை. மருந்துக் கடையிலிருந்து நுட்பமான தராசு ஒன்று இரவல் வாங்கி வந்தேன். இங்கே ஒரு சுவையான தகவல்: மூடுபனி ஏறினால் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். காலையில் மூன்று பக்கம் குறைவாக இருந்த புத்தகத்துக்கு, மாலையில் இரண்டு பக்கம் கூடுதலாக முளைத்திருந்தது. ஒரு தட்டில் என் புத்தகத்தையும் மறு தட்டில் அண்ணனின் புத்தகத்தையும் வைத்தேன். முள் அசையவில்லை. ஆக, ஒன்று இரண்டும் முழுமை. அல்லது இரண்டும் குறை. அறிவு இவ்வாறுதான் வளர்கிறது.

அடுத்து ஜெபதுரை சார் பூதக்கண்ணாடியால் ஓரத்தை எண்ணினார். தாளுக்கு இரண்டு பக்கம். ஒருமுறை முப்பத்தொரு தாள் வந்தது, ஒருமுறை முப்பத்து மூன்று. "சராசரி முப்பத்திரண்டு. அறுபத்து நான்கு பக்கம். நிரூபணமாகிவிட்டது!" என்றேன். தங்கமுத்து அண்ணன் ஒப்பவில்லை. தர்ப்பூசணியைத் தட்டுவதுபோல் புத்தகத்தைக் கையுறையோடு தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"சத்தம் எப்படி இருக்கிறது?"

"பழுத்திருக்கு. ஆனா கடசிப் பக்கம் தெரியல."

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்த தெரசம்மாள், "ஏங்க, அந்தக் கதையோட கடசிப் பக்கம் எனக்குத் தெரியும். அதுல அந்த..." என்று தொடங்கினாள். நான் பதறிப்போய்த் தடுத்தேன். அவள் கையில் இருந்தது அதே கதையின் 'கழிவு' பிரதி. பெருமாள்மலை சலூன் ஒன்றிலிருந்து வந்தது. அட்டை இல்லை. போண்டா எண்ணெய் பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கிப் பதினேழில் கரை ஏறியிருந்தது. எரிமலை இளவரசிக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். அடுப்பு மூட்ட என்று நான் கொடுத்ததை இவள் இரவுப் பணியில் படித்துக்கொண்டிருக்கிறாள்! வெளியே சொன்னால் சங்கத்தில் என் நிலை என்ன ஆவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், 'அவசரச் சிறப்புப் பேரவை' எங்கள் வீட்டில் கூடியது. பழனியிலிருந்து வேலுச்சாமியையும் 'வல்லுநர் சாட்சியாக' வரவழைத்திருந்தோம். பேரவை தொடங்கவும் மழை தொடங்கவும் சரியாக இருந்தது. தலைவருக்கு இட்ட நாற்காலிக்கு மேலும் ஒழுகியது. அவர் தலையில் ஒரு குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு, கம்பீரம் குறையாமல் தலைமை தாங்கினார்.

"வேலுச்சாமி, இந்தப் பிரதியில் அறுபத்து நான்காம் பக்கம் உள்ளதா?" என்று குண்டானுக்குள்ளிருந்து குரல் முழங்கியது.

"அறுவத்து நாலு பக்கமும் இருக்குங்க சாமி. அதுல மட்டும் கொற சொல்ல முடியாது," என்றார் வேலுச்சாமி. 'அதில் மட்டும்' என்ற சொல்லை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"வாய்ச் சொல்லு போதாது," என்றார் தங்கமுத்து அண்ணன்.

சொட்டு, சொட்டு, சொட்டு. தெரசம்மாள் மூன்றாவது பாத்திரத்தைக் கட்டிலின் மீது வைத்தாள். பிறகு நேராகப் பீரோவுக்குப் போனாள். புத்தகத்தின் மேலிருந்த மைக்கா உறையைக் கிழித்தாள். புத்தகத்தைத் திறந்தாள்.

முதுகு 'படக்' என்றது. ஜெபதுரை சார் குண்டானைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டில் தொப்பியைக் கழற்றுவது போல.

"சொல்லாதீங்க தங்கச்சி! திருடன் யாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க!" என்று தங்கமுத்து அண்ணன் கையுறையால் காதைப் பொத்தினார்.

தெரசம்மாள் உரக்கப் படித்தாள். "நாற்றங்காலில் விதைத்த ஐந்தாவது வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும்."

"எரிமலையிலயா?" என்றார் அண்ணன். பொத்தியது சரியாகப் பொத்தவில்லை.

"உருவகம். கதை ஆழமாகப் போகிறது," என்றார் ஜெபதுரை சார்.

"இலைப்புழு தாக்கினால் சாம்பல் தூவவும்."

"எரிமலைச் சாம்பல்! பார்த்தீர்களா?"

தெரசம்மாள் கடைசிக்குத் தாவினாள். "பக்கம் அறுபத்து நாலு. முட்டைக்கோசை வெயில் ஏறும் முன் அறுத்துச் சந்தைக்கு அனுப்பி நல்ல விலை பெறுவீர். முற்றும்."

தலைவர் குண்டானை மறுபடி தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"தீர்மானம்," என்றார் ஜெபதுரை சார். "அறுபத்து நான்காம் பக்கம் இருக்கிறது."

தங்கமுத்து அண்ணன் தம் ஏழு பிரதிகளையும் பையிலிருந்து கொட்டினார். ஏழு முதுகும் வரிசையாகப் 'படக்' என்றன. ஏழிலும் முட்டைக்கோஸ். ஒட்டன்சத்திரத்தில் பாதி முட்டைக்கோசுக்கு விலை சொல்கிற மனிதர், முட்டைக்கோஸ் பயிரிடும் விளக்கக் கையேட்டைத் தம் வாழ்நாளின் உச்ச விலை கொடுத்து ஏழு முறை வாங்கியிருந்தார்.

"ஏலே வேலுச்சாமி! என்னலே இது?"

வேலுச்சாமி துளியும் அசரவில்லை. "பரணுல கதையோட அட்டை மட்டும் நெறயா மிச்சங் கெடந்துச்சு. எவரோ அடிக்கச் சொல்லிட்டு வாங்காமப் போன கையேடு, அட்டை இல்லாமக் கெடந்துச்சு. ரெண்டும் ஒரே அளவு. சேத்துப் பின் அடிச்சேன். நீங்க அட்டையத்தானய்யா மோந்து பாத்தீங்க, தட்டிப் பாத்தீங்க, எடை போட்டீங்க? உள்ள என்ன கதைன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? திறந்தா விலை போயிரும்னு சட்டம் போட்டது நானா?"

சட்டம் போட்டவர்கள் கூரையைப் பார்த்தோம். அதில் நான்கு ஓட்டை இருந்தது. என் தகரம் ஐந்தும் அவற்றின் வழியாகப் பறந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். கன்னிவாடி பஸ் தெளிவாகத் தெரிந்தது.

தங்கமுத்து அண்ணன் மெதுவாகத் திரும்பினார். தெரசம்மாள் இடுப்பில் செருகியிருந்த 'கழிவை' அப்போதுதான் அவர் கவனித்தார்.

"தங்கச்சி... அது நெசமாவே கதையா?"

"நாலு தடவ படிச்சிருக்கேன்ணே."

"குடுங்க. வெல பேசுவம்." துண்டை எடுத்தார்.

"மொதல்ல படிங்க. அப்பறம் வெல," என்றாள் தெரசம்மாள். முக்காலியை ஒழுகாத மூலையில் போட்டாள். ஒரு தட்டு போண்டாவும் வைத்தாள்.

இங்கே நான் கண்ட ஒரு நுட்பத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கூட்டுக் குடும்பக் கையுறையோடு புத்தகத்தின் பக்கத்தைப் புரட்ட முடியாது. தங்கமுத்து அண்ணன் இருமுறை முயன்றார். மூன்றாம் முறை கையுறை இரண்டையும் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி எறிந்தார். பிறகு நாங்கள் அவருக்கு இல்லாமல் போனோம். பத்தாம் பக்கத்தில் முன்னால் சாய்ந்தார். மீசை வைத்த இளவரசியைக் கண்டு குலுங்கிச் சிரித்தார். நாற்பதில், "அடப்பாவி, பின்னாடி பாருலே!" என்று புத்தகத்துக்குள் கத்தினார். கடைசிப் பக்கத்தில், "சமையக்காரனா! நா நெனச்சேன், நா அப்பவே நெனச்சேன்!" என்று துள்ளி எழுந்து என் கையைப் பற்றினார். வெறுங்கை. துண்டு இல்லை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

மழை வலுக்கும் முன் தகரம் வந்தது. புடவை பீரோவுக்குத் திரும்பியது.

சங்கம் பாடம் கற்றுக்கொண்டது என்று பெருமையோடு தெரிவிக்கிறேன். மறு மாதமே தர விதிகள் தலைகீழாகத் திருத்தப்பட்டன. எண்ணெய்க் கறை இல்லாத புத்தகம் 'கழிவு'. மூன்று கறையும் ஒரு மீசையும் இருந்தால் 'முதல் ரகம்'. அதற்கடுத்த மாதம், பழனியிலிருந்து வேலுச்சாமி பத்துப் பிரதிகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் பக்குவமான போண்டாக் கறை, அட்டையிலேயே மீசை. ஜெபதுரை சார் மோந்து பார்த்து, "பழைய கடலை எண்ணெய், சந்தேகமே இல்லை," என்று சான்றளித்தார். பத்தும் விலை போயின. கறை கலைந்துவிடும் என்பதால் எதையும் திறக்கக் கூடாது என்று பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது. செயலாளர் மட்டும் ஒப்பவில்லை. அவர் 'முன்னாள்' ஆக்கப்பட்டார்.

கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று எப்படி அறிவது எனச் சங்கத்தார் இன்னும் தராசும் பூதக்கண்ணாடியுமாக ஆராய்ந்து வருகிறார்கள். கூரை ஒழுகாத வீட்டிலிருந்து, நான் சோதித்துப் பார்த்த, வேலை செய்கிற வழியை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். கையுறையைக் கழற்றவும். அட்டையைத் திறக்கவும். முதல் பக்கத்திலிருந்து படிக்கவும். அறுபத்து நான்கு வந்தால், இருக்கிறது. இதற்குத் தேவையான கருவி ஒன்றே ஒன்றுதான்: படிக்கத் தெரிந்த ஒருவர். சங்கத்தில் அப்படி யாரும் இல்லாததால்தான் அதற்கு இத்தனை விதிகள்.